தாராக்களை எப்போது விரட்டலாம்?

எங்கள் சாச்சாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது என்று வகுப்பில் சொன்னபோது தோழிகள் சிரித்துவிட்டார்கள். மஹய்யாவவில் தடாகமா? ஒரு வீட்டுச் சுவரில் மறு வீட்டுச் சுவர் சாய்ந்து நிற்கும் ஊர் இது. முச்சக்கரவண்டி திரும்ப வேண்டுமென்றால் இரண்டு பேர் இறங்கி வழிகாட்ட வேண்டும். அவர்கள் சிரித்ததில் பிழையில்லை.

ஆனாலும் மேட்டுப் பக்கத்தில், பழைய தோட்டமொன்றைத் துண்டு போட்டு விற்ற காணியில், சாச்சா வீடு கட்டினார். மேல்மாடி அறைகள் நான்கையும் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். அறை தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது தடாகம் இருக்கிறதா என்பதைத்தான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கடன் எடுத்துக் கட்டினார். எட்டு மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம், ஒன்றேகால் மீற்றர் ஆழம். கணிதப் பாடத்தில் எனக்கு அவ்வளவு கெட்டித்தனம் இல்லாவிட்டாலும் இதை நான் கணக்குப் பார்த்திருக்கிறேன்: 40,000 லீற்றர் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குத்தான் போன வருடம் தாராக்கள் வந்தன.

முதல் நாள் மஃரிபுக்குப் பிறகு வீட்டுக் கூரைக்கு மேலால் யாரோ விசில் அடித்துக்கொண்டு போவது போல் ஒரு சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்தோம். காலையில் பார்த்தால் தடாகத்தின் நடுவில் இரண்டு தாராக்கள். வீட்டில் வளர்க்கும் தாராவை விடச் சிறியவை, செம்பு நிறம், கழுத்து நீளம். அடுத்த வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பசேருவா" என்றார். தமிழ்ப் பறவை நூல்களில் சீழ்க்கைச் சிறகி என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு "விசில் தாரா" என்றே பெயர் நிலைத்துவிட்டது. இவை இரவில்தான் அதிகம் இரை தேடும். பறக்கும்போது விசில் அடிக்கும். மரப்பொந்திலும் முட்டையிடும், புதரடியிலும் முட்டையிடும். வயலும் குளமும்தான் இவற்றின் சொந்த ஊர்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் பெருநாள் மாதிரி. நானும் தங்கச்சியும் பாண் துண்டு போட்டோம். மேல்மாடியில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தம்பதியினர் படம் எடுத்தார்கள். சாச்சியும் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிழமை இப்படிப் போயிற்று. பிறகு தடாகத்தின் ஓரத்து ஓடுகளிலெல்லாம் எச்சம். ஒரு விடிகாலையில் பத்து இடத்தில் தேய்த்துக் கழுவிய சாச்சிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்து வந்த விருந்தினர் குடும்பம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் பதிவை இரத்துச் செய்துவிட்டுப் போனது. கடன் தவணை மாதா மாதம் வருகிறதே, அதற்குத் தாரா தெரியுமா? சாச்சா வெடி வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார். ஒழுங்கைப் பையன் ஒருவன் கெட்டபோலோடு வந்து நின்றான். உம்மும்மா மட்டும், "அதுகளும் உசிருதானே புள்ள, தண்ணியக் கண்டா வராம என்ன செய்யும்" என்றார்.

நான் யார் பக்கம் நின்றேன் என்று கேட்டால், தாராக்களின் பக்கம். அப்படித்தான் அப்போது நினைத்தேன். வெடி வேண்டாம் என்று அழுதேன். சாச்சாவும் மனமிரங்கி விட்டுவிட்டார். யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் தொடர்ந்து பாண் போட்டேன்.

இடையில் சில கிழமைகள் இரண்டும் ஒன்றாக வரவில்லை, மாறி மாறி ஒவ்வொன்றாக வந்தன. சண்டை போட்டுப் பிரிந்துவிட்டன என்று தங்கச்சி கவலைப்பட்டாள். முட்டையை ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒன்பது குஞ்சுகளோடு இரண்டும் வந்தன. கறுப்பும் வெள்ளையுமாக, உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுகள். வரிசையாக ஓடிவந்து தண்ணீரில் குதித்தன. அந்த இரவு எங்களுக்கு நித்திரையே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது நான்கு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. இரண்டு, தண்ணீரை உறிஞ்சி வடிகட்டிக்கு அனுப்பும் வாய்க்குள். மற்ற இரண்டும் சுவரோரத்தில். மீதி ஐந்தும் சுவரை ஒட்டி ஒட்டி நீந்திக்கொண்டிருந்தன. தாயும் தகப்பனும் மேலே ஓட்டில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. இறங்கின, ஏறின, மறுபடியும் கூப்பிட்டன. தண்ணீர் மட்டத்துக்கும் தடாகத்தின் விளிம்புக்கும் இடையே ஒரு சாண் உயரம்கூட இருக்காது. பெரிய தாராவுக்கு அது ஒரு சிறகடிப்பு. குஞ்சுக்கு அது வழுக்கும் மதில். இரவு முழுவதும் அந்த மதிலில் ஏற முயன்று களைத்துப் போயிருக்கின்றன.

இதற்குப் பிறகுதான் நான் வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததில் எனக்கு விளங்கியதையும், அதிலிருந்து நான் எடுத்த முடிவையும்தான் இங்கே எழுதுகிறேன். என் முடிவு பலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். தாராக்களை விரட்ட வேண்டும் என்பதே என் கருத்து. வந்த முதல் நாளே, அன்போடு, விடாமல் விரட்ட வேண்டும். குஞ்சு வந்த பிறகு ஒருபோதும் விரட்டக் கூடாது. நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். விரட்ட வேண்டிய நேரத்தில் விருந்து வைத்தோம். குஞ்சுகளுக்கு உதவ வேண்டிய நேரத்தில் நித்திரை கொள்ளாமல் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

மேலே பறக்கும் தாராவுக்கு எங்கள் தடாகம் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பச்சை மரங்களுக்கும் கூரைகளுக்கும் நடுவில் பளபளவென்று ஒரு நீர்ப்பரப்பு. நான்கு பக்கமும் திறந்த வெளி, பூனை வந்தால் தூரத்திலேயே தெரியும். இதைவிடப் பாதுகாப்பான குளம் ஏது? ஆனால் அது குளமல்ல. குளத்தில் பாசி உண்டு, நத்தை உண்டு, பூச்சி உண்டு, ஓரத்தில் சேறும் புல்லும் உண்டு. ஏறுவதற்குச் சரிவு உண்டு. எங்கள் தடாகத்தில் குளோரினும் நீல ஓடும்தான். குஞ்சுகள் பொரித்து வந்த ஓரிரு நாளில் தாமே இரை தேடியாக வேண்டும். அந்தத் தண்ணீரில் அவற்றுக்கு ஒரு வாய் உணவில்லை. குளம் என்று காட்டிவிட்டு உள்ளே ஒன்றுமில்லாமல் வைத்திருப்பது ஒரு விதத்தில் ஏமாற்று. நாங்கள் வேண்டுமென்று ஏமாற்றவில்லை என்றாலும் ஏமாந்தது அவைதான்.

அந்த ஏமாற்றை நான் பாணால் இன்னும் பெரிதாக்கினேன். பாண் தாராவின் வயிற்றை நிரப்பும். வளர்வதற்கு வேண்டிய சத்தைக் கொடுக்காது. மிஞ்சிய துண்டுகள் தண்ணீரில் ஊறிப் பாசிக்கு உரமாகும். எல்லாவற்றையும் விட, இங்கே உணவு கிடைக்கும் என்று பறவை நம்பிவிடும். நம்பித்தான் அயலில் எங்கோ கூடு கட்டியது. கண்டி வாவியோரத்தில் மீன்களுக்குத் தீனி எறிகிறவர்களைப் பார்க்கும்போது இப்போது எனக்கு என் முகம்தான் தெரிகிறது. கெட்டபோலோடு வந்த பையன் கல்லெறிந்து ஒன்றையும் கொல்லவில்லை. நான் பாணெறிந்தேன்.

இனி அசுத்தம் பற்றிய பேச்சு. இதைச் சின்ன விடயம் என்று ஒதுக்க நான் தயாரில்லை, சாச்சியின் முதுகுவலி எனக்குத் தெரியும். தாரா எச்சத்தில் சல்மொனெல்லா, ஈ கோலை போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் தடாகக்காரர்களுக்குச் சொல்லும் வழி எளிதானது: எல்லோரும் வெளியேற வேண்டும், கையுறை போட்டுக்கொண்டு எச்சத்தை அள்ளி எடுக்க வேண்டும், தண்ணீரில் குளோரின் 10 இலட்சத்துக்கு 2 பங்கு என்ற அளவுக்குக் குறையாமலும் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.5-ஐத் தாண்டாமலும் வைத்து 30 நிமிடம் விட வேண்டும், அள்ளப் பயன்படுத்திய வலையையும் கழுவ வேண்டும். தடாகத்தை முழுவதுமாக இறைத்துக் கொட்ட வேண்டியதில்லை. இதைத் தெரியாமல் சாச்சா ஒரு தடவை 40,000 லீற்றரையும் திறந்துவிட்டார். அந்த மாதத் தண்ணீர்ப் பட்டியலைப் பார்த்து வீட்டில் யாரும் இரண்டு நாள் கதைக்கவில்லை.

இந்த இடத்தில் உம்மும்மா ஒரு கேள்வி கேட்டார். எச்சம் விழுந்த தண்ணீரில் வுழூ செய்யலாமா? எங்கள் ஷாபிஈ மத்ஹபில் பறவையின் எச்சமும் நஜீஸ்தான். ஆனால் இரண்டு குல்லா அளவு, அதாவது ஏறத்தாழ 200 லீற்றர், அல்லது அதற்கு மேற்பட்ட தண்ணீரில் நஜீஸ் விழுந்தாலும் நிறமோ சுவையோ மணமோ மாறாதவரை தண்ணீர் அசுத்தமாகாது என்று மத்ரஸாவில் படித்திருக்கிறோம். பள்ளிவாசல் ஹவ்ழின் கணக்கும் இதுதான். தடாகத்திலோ 40,000 லீற்றர். உம்மும்மா திருப்திப்பட்டார். வுழூவுக்குச் சுத்தம் என்பதால் சின்னப் பிள்ளை அந்தத் தண்ணீரை விழுங்கலாம் என்று ஆகிவிடாது என்பதையும் அவருக்குச் சொன்னேன். இரண்டு கேள்விக்கும் இரண்டு பதில். ஒன்றின் பதிலை மற்றதற்கு எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் வீடுகளில் கொஞ்சம் அதிகம்.

சரி, எப்படி விரட்டுவது? வெடியால் அல்ல. கல்லால் அல்ல. இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதற்கு 2009-ல் வந்த திருத்தத்தோடு, விலக்கப்பட்ட சில இனங்களைத் தவிர நாட்டின் காட்டுப் பறவைகள் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. கொல்வது மட்டுமல்ல, கூட்டிலிருந்து முட்டையை எடுப்பதும் குற்றம். "நம்ம காணிதானே" என்பது அங்கே பதிலாகாது. அமெரிக்காவிலும் தடாகத்துக்குத் தாரா வருவது பெரிய தலையிடி. அங்கேயும் 1918 ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் முட்டை மேல் கை வைக்க விடுவதில்லை.

செய்ய வேண்டியது, முட்டைக்கு முன்பே, அந்த இடம் தாராவுக்குப் பிடிக்காமல் போகும்படி செய்வது. யாரும் நீந்தாத நேரத்தில் தடாகத்தை மூடி வைப்பதே முதல் வழி. மேலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியக் கூடாது. ஆனால் கண்டியில் ஒரு சிக்கல் உண்டு. தறப்பாளைத் தொய்வாக விரித்தால் மழை நீர் அதன் மேலேயே தேங்கும், டெங்கு நுளம்பு பெருகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாசலில் வந்து நிற்பார். இறுக்கி, ஒரு பக்கம் சரித்துக் கட்ட வேண்டும். மூட முடியாவிட்டால் தண்ணீரில் பெரிய காற்றுப் பந்துகளை மிதக்க விடலாம். காற்றில் நகரும் எதையும் தாரா நம்பாது. ஒரே இடத்தில் நாள் கணக்காகக் கிடந்தால் மட்டும் பழகிவிடும், ஆகையால் மாற்றி மாற்றி விட வேண்டும். மீன் பிடிக்கும் தங்கூசி நூலைத் தண்ணீருக்கு மேல் குறுக்காகக் கட்டச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நூலில் சிறகு சிக்கினால் என்ன ஆகும்? கட்டுவதென்றால் வண்ண நாடா தொங்கவிட்டே கட்ட வேண்டும். எல்லாவற்றையும் விட மலிவான கருவி சாச்சியின் தும்புத்தடி. தாரா இறங்கிய உடனே அதைத் தூக்கிக்கொண்டு தடாகத்தைச் சுற்றி நடந்தால் போதும். அடிக்க வேண்டியதில்லை. காலை மாலை ஒரு கிழமை விடாமல் செய்தால், "இங்கே நிம்மதியில்லை" என்று பறவை முடிவெடுத்துவிடும். அதற்கு இன்னும் முட்டையில்லை, குஞ்சில்லை, இழப்பதற்கு ஒன்றுமில்லை. சிறகை விரித்தால் வேறு குளம்.

இதை ஈவிரக்கமில்லாத செயல் என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். வந்த விருந்தாளியைத் தும்புத்தடியோடு வரவேற்பதா? நான் அவளுக்குச் சொன்னது இதுதான்: அந்த நான்கு குஞ்சுகளையும் சின்னத் துணியில் சுற்றி மாமரத்தடியில் புதைத்தது நான். வாசலில் வழுக்கும் என்று தெரிந்தால் விருந்தாளியை வாசலுக்கு வரும் முன்பே கையசைத்துத் திருப்பி அனுப்புவதுதான் மரியாதை.

முட்டையிட்டுக் குஞ்சும் வந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு விரட்டினால் பெரியது பறந்து போகும், குஞ்சு தனித்துவிடும். நபித்தோழர்கள் பயணமொன்றில் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப் பறவை சிறகை விரித்துப் பதறி வந்த நிகழ்ச்சியை அபூதாவூத் கிரந்தத்தில் வாசித்திருப்பீர்கள். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைக் கண்டு, குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இஸ்லாம் பாடப் பரீட்சைக்காக இதை நான் மனனமிட்டிருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை காலையில் ஓட்டின் மேல் நின்று கூப்பிட்ட தாயைப் பார்த்தபோதுதான் அது என் காதில் விழுந்தது.

அன்று என்ன செய்தோம் என்று சொல்கிறேன். சாச்சா ஓடிப்போய் மோட்டரை நிறுத்தினார். வாப்பா ஒரு நீளப் பலகையை எடுத்துவந்து, வழுக்காமல் இருக்க அதில் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டி, ஒரு முனை தண்ணீருக்குள் மூழ்கவும் மறு முனை விளிம்பில் தங்கவும் மூலையில் சாய்த்து வைத்தார். நடுவில் வைத்திருந்தால் குஞ்சுகளுக்குத் தெரிந்திருக்காது. அவை சுவரோரமாகவே சுற்றும், ஆகவே மூலைதான் சரியான இடம். பிறகு எல்லோரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். இதுதான் கஷ்டமான பகுதி. கையால் தூக்கிவிடலாம் என்று தங்கச்சி துடித்தாள். நாங்கள் கிட்டப் போனால் குஞ்சுகள் தண்ணீரின் நடுவுக்கு ஓடும், இன்னும் களைக்கும். அரை மணித்தியாலம் கழித்து ஒன்று ஏறியது. பிறகு வரிசையாக ஐந்தும். சாச்சா, வெடி வாங்கப் போவதாகச் சொன்ன அதே சாச்சா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அன்று வரவிருந்த இரண்டு பேரின் பதிவையும் அவரே தொலைபேசியில் இரத்துச் செய்தார்.

மாலையில் தாரா குடும்பம் கேற்றுக்குக் கீழால் நுழைந்து ஒழுங்கையில் இறங்கியது. அடுத்த வீட்டு அங்கிள் நடு வீதியில் கையை விரித்துக்கொண்டு நின்று இரண்டு முச்சக்கரவண்டிகளையும் ஒரு மோட்டார் சைக்கிளையும் மறித்தார். கெட்டபோல் பையன்தான் நாயைப் பிடித்துக்கொண்டான். உடவத்தகெலே பக்கமாக வேலிக்குள் போய் மறைந்தன.

உடவத்தகெலேயைப் பற்றி இரண்டு வார்த்தை. நகரத்தின் தலைமாட்டில் இருக்கும் அந்தக் காட்டை 1856-ல் வனஒதுக்காக்கினார்கள், 1938-ல் சரணாலயமாக்கினார்கள். சுமார் 250 ஏக்கர். உள்ளே அரசர் காலத்துக் குளமொன்றும் இருக்கிறது. கீழே கண்டி வாவி. அதை 1807-ல் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் வெட்டுவித்தபோது அந்த இடம் வயலாக இருந்தது. வயலும் தாராவின் இடம்தான், வாவியும் தாராவின் இடம்தான், அரசன் அவற்றின் வீட்டை இடித்து வேறு வீடு கட்டிக் கொடுத்தான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நாங்கள் வயலை நிரப்பும்போது அப்படி எதையும் கட்டிக் கொடுப்பதில்லை. மண் கொட்டுகிறோம், வீடு கட்டுகிறோம், பின்னால் நீல ஓடு பதித்துத் தண்ணீர் விடுகிறோம், பிறகு பறவை வந்தால் அத்துமீறல் என்கிறோம். 2018-ல் உலகின் முதல் ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு ராம்சார் அங்கீகாரம் பெற்றது. சதுப்பு நிலத்தை விட்டுவைத்தால் வெள்ளமும் தணியும், பறவைக்கும் இடமிருக்கும் என்பது அங்கே ஓரளவுக்காவது ஏற்கப்பட்ட விடயம். மலைநாட்டில் நாங்கள் இதைப் பற்றிக் கதைப்பதே குறைவு.

வாவியைச் சுற்றி நடக்கும் பெற்றோருக்கு நான் சொல்ல வருவது முன்பே விளங்கியிருக்கும். அங்குள்ள பெரிய மரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் அடைகின்றன. நடைபாதை வெள்ளை பூசியது போல் இருக்கிறது. மாலையில் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மழையில்லாத நாளில். மணம் தாங்க முடியாது என்பதும் உண்மைதான். கிளைகளை வெட்டிவிட வேண்டும் என்ற பேச்சு எங்கள் வீட்டு மேசையிலும் வரும். எங்கள் தடாகத்துக்குச் சொன்ன அதே கணக்கைத்தான் அங்கேயும் சொல்வேன். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் காலத்தில் எந்தக் கிளையிலும் கத்தி படக் கூடாது. வெட்டியே ஆக வேண்டுமென்றால் கூடு கட்டத் தொடங்கும் முன்பு, பாதைக்கு நேர் மேலே நீண்டிருக்கும் கிளையை மட்டும். மற்றபடி பாதையைக் கழுவ வேண்டும். கழுவுவது செலவுதான். உல்லாசப் பயணிகளுக்காக எத்தனையோ செலவு செய்கிற நகரம் இது.

தமிழ்நாட்டில் செங்கல்பட்டுக்கு அருகே வேடந்தாங்கல் என்ற ஊர். அங்குள்ள ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர் மக்களே கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளுக்குப் பாதுகாப்பு வாங்கினார்கள். பக்தி மட்டும் காரணமல்ல. எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். நாங்கள் தேய்த்துக் கழுவும் அதே பொருள் அங்கே வரும்படி. சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்ற கிராமம் இன்னொரு படி மேலே. பக்கத்திலுள்ள வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் பயப்படும் என்பதற்காக அந்த மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் ஒரு பெருநாளின் ஆசையை விட்டுக்கொடுக்கிறார்கள். இதைச் சாச்சாவிடம் வாசித்துக் காட்டினேன். வெடி வாங்காத காசில் தங்கச்சிக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

எங்களைப் போல வீட்டில் தடாகம் வைத்திருப்பவர்கள் இந்தச் சஞ்சிகை வாசகர்களில் நிறையப் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் மூடியில்லாத கிணறு, மூடி கழன்ற தண்ணீர்த் தொட்டி, வீடு கட்ட வெட்டி மழை நீர் நிறைந்து கிடக்கும் குழி, இவை எங்கள் ஒழுங்கையில் மட்டும் ஐந்தாறு இருக்கின்றன. உள்ளே விழுந்த எதுவும் ஏற வழியில்லாத தண்ணீர்தான் இவை எல்லாமே. அணில் விழுகிறது, பூனைக்குட்டி விழுகிறது. ஒரு பலகைத் துண்டின் விலை என்ன?

இந்த வருடம் சாச்சா புதிய தறப்பாள் வாங்கியிருக்கிறார். கடும் நீலம் வேண்டாம், தண்ணீர் மாதிரித் தெரியும் என்று நான் சொல்லி, காவி நிறத்தில் வாங்க வைத்தேன். சாக்குச் சுற்றிய பலகையைத் தடாகத்தின் மூலையில் நிரந்தரமாக ஆணியடித்தாயிற்று, பார்க்க அழகில்லைதான். ஏன் என்று கேட்கும் விருந்தினருக்குச் சாச்சி கதை சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் நீளுகிறது.

போன மாதம் இஷாவுக்குப் பிறகு அந்த விசில் கேட்டது. தங்கச்சி முதலில் ஓடினாள், நான் தும்புத்தடியோடு பின்னால் போனேன். இரண்டோ மூன்றோ, இருட்டில் எண்ண முடியவில்லை. கூரைக்கு மேல் இரண்டு தடவை வட்டமிட்டன. தறப்பாளின் மேல் தெருவிளக்கு வெளிச்சம் மங்கலாகக் கிடந்தது. மூன்றாவது வட்டம் வரவில்லை. விசில் உடவத்தகெலே பக்கம் போய்க் குறைந்தது. தங்கச்சி என் கையிலிருந்த தும்புத்தடியை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "அங்க குளத்துல பாண் போட யாராச்சும் ஈப்பாங்களா ராத்தா?" என்று கேட்டாள். இருக்கக் கூடாது என்று துஆச் செய் என்றேன்.